மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிய அலமாரி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் மாடிப்படிக்குக் கீழே நலம். தங்கள் தங்கை மாடிப்படிக்கு மேலே நலம். நடுவில் அலமாரி. தாங்கள் அவளுக்கு அண்ணன், அதோடு தச்சர். ஆகவே உடனே புறப்பட்டு வரவேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வருகிறார்கள். கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெரிய அலமாரியை அதற்குள் மாடிக்கு ஏற்றச் சொன்னாள். ஆள் பிடிக்க சலூனுக்குப் போனேன். ராணுவக் கிடங்கில் முப்பது வருஷம் பூட்ஸ் கொடுத்தவன் நான். எந்தத் தளபதி எங்கே கோட்டை விட்டான் என்று சலூன்காரருக்கு தினமும் விளக்குவது வழக்கம். அன்றைக்குப் பாலத்தில் எதிரியைத் தப்பவிட்ட ஒரு தளபதியைப் பற்றிப் பேச்சு. "படையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பக்கமும் நெருக்கியிருக்கணும், அந்த ஆளுக்கு மண்டையில ஒண்ணுமில்ல" என்றேன். "நீங்க அங்க இல்லாமப் போயிட்டீங்களே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டிலும் படையை இரண்டாகப் பிரித்தேன். மேலே சலூன்காரரும் பக்கத்து வீட்டு டிரைவரும், கீழே நானும் தையல்காரரும். "கதவு ரெண்டையும் கழட்டிட்டு ஏத்துங்க, திருப்பத்துல மாட்டும்" என்று மாடியிலிருந்து இவள் சொன்னாள். போர் தொடங்கியபின் திட்டத்தை மாற்றியவன் உருப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டு, தள்ளு என்றேன். மேலே இருந்தவர்களும் தள்ளிவிட்டார்கள். கேட்டால், "ரெண்டு பக்கமும் நெருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்கிறார் சலூன்காரர். அலமாரி ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. மேல்படை பக்கத்து மொட்டைமாடிக்குத் தாவி ஓடிவிட்டது. தையல்காரர் நூல் வாங்கி வருவதாகப் போனவர் போனவர்தான்.

இன்றோடு இரண்டு நாள் ஆச்சு மச்சான். சமையலறை கீழே, சமைக்கத் தெரிந்தவள் மேலே. பக்கத்து வீட்டம்மா மொட்டைமாடி வழியா அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிறாங்க, எனக்கு வாசனை மட்டும் வருது. அதே வழியா இறங்கி வாயேன்னா, "தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க, வர்றேன்"ங்கிறா. பூட்ஸ் கொடுத்தவன் அப்படிச் சொல்லலாமா? ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அவ இல்லாம இந்தக் கீழ்வீடு வீடாவே இல்ல. வரும்போது திருப்புளி கொண்டுவாங்க. கதவைக் கழட்டுறது உங்க யோசனையாவே இருக்கட்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கீழ்வீட்டிலிருந்து தங்கள் மைத்துனன்.

பி.கு.: தாங்கள் வரவேண்டாம். தபால்தலை மாடியில் இருந்ததால், இந்தக் கடிதத்தைக் கூடையில் வைத்துக் கயிற்றில் மேலே அனுப்பி, ஒட்டித் தரச் சொன்னேன். படித்துவிட்டாள். கால்மணி நேரத்தில் இரண்டு கதவும் கழன்றுவிட்டன. திருப்புளி முதல் நாளிலிருந்தே அவள் கையில்தான் இருந்திருக்கிறது. அவள் இழுக்க, நான் தள்ள, அலமாரி ஏறிவிட்டது. சாப்பாடு போட்டுக்கொண்டே, "எல்லாத் தளபதியையும் திட்டுறீங்களே, அவங்க பொண்டாட்டிங்க என்ன சொன்னாங்கன்னு எந்தப் புத்தகத்திலயாவது இருக்கா?" என்றாள். இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். யாரும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.