டைமர் சொல்லட்டும், போடலாம்

தன் இரண்டு கண்களையும் என் நண்பன் டைமரைப் போல அவமதித்த மனிதன் இந்தச் சென்னை மாநகரத்தில் இன்னொருவன் இருக்க முடியாது. பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. எதிர் மொட்டை மாடியில் காயும் வேட்டிக்குக் கரை என்ன நிறம் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவான். ஆனால் ஒரு காரியம் நடக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் கண்ணிடம் கொடுக்கமாட்டான். அதற்குப் போனில் ஒரு கடிகாரம் ஓட வேண்டும், அது மணி அடிக்க வேண்டும். அதனாலேயே அவனுக்கு டைமர் என்று பட்டப்பெயர்.

மேற்கு மாம்பலத்தில் நானும் அவனும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குடிபோன முதல் வாரமே பால் விஷயத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு எகிறியது. அடுப்பில் பால் பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, பர்னரை அணைத்து, மேடையெல்லாம் ஓடித் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவன் பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"டேய், பால் பொங்குதுடா!"

"இல்ல மச்சி. இன்னும் டைம் கீது."

மாம்பலம் ஸ்டேஷனில் நடந்தது இதைவிட மோசம். ரயில் வந்து நின்றது. நான் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் பிளாட்பாரத்திலேயே நிற்கிறான். ஏறச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். "இது நம்ம வண்டி இல்ல மச்சி, நம்ம வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குன்னு காட்டுது" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வண்டி கிளம்பிவிட்டது. தன் வண்டி கண்ணெதிரே போவதைப் பார்த்தபடி, தன் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதற்கும் அவன் ஒரு கடிகாரம் வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கத்த ஆரம்பித்ததும் போனில் எதையோ தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மணி அடித்ததும் எழுந்து, "முடிஞ்சிதா மச்சி? டீ குடிக்கலாமா?" என்பான். அநியாயம் என்னவென்றால், பெரும்பாலும் முடிந்துதான் இருக்கும்.

இந்த வியாதி அவனுக்கு வந்தது ஓர் ஆன்லைன் விளையாட்டிலிருந்து. அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இருபது பேர் கூடி ஒரு டிராகனை அடிக்க வேண்டும். அவ்வப்போது டிராகன் நெருப்பை உமிழும். அப்போது எல்லோரும் கவச மந்திரம் போட வேண்டும். மந்திரம் சில நொடிகள்தான் தாங்கும், ஒரு முறை போட்டால் மறுபடி போட வெகுநேரம் காத்திருக்க வேண்டும். முந்திப் போட்டால் வீண், பிந்திப் போட்டால் சாம்பல். டிராகன் நெருப்பு உமிழ எவ்வளவு நேரம் பாக்கி, எந்த மந்திரத்துக்கு எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டுவதற்கென்றே சில ரசிகர்கள் குட்டி நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்-ஆன் என்று பெயர். திரையில் ஒட்டவைத்தால் நேரம் கரையக் கரைய வண்ணப் பட்டைகள் தேயும், சிவக்கும், பீப் பீப் என்று அலறும்.

மற்றவர்கள் திரையோரத்தில் ஒன்றிரண்டு பட்டைகள் வைத்திருப்பார்களாம். நம் டைமரோ கிடைத்ததையெல்லாம் வைத்திருந்தான். முதல் தடவை நான் எட்டிப் பார்த்தபோது கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி திரை முழுக்கப் பட்டைகள்.

"டிராகன் எங்கடா?"

"பின்னாடி கீது மச்சி."

"எதுக்குப் பின்னாடி?"

"பட்டைங்களுக்குப் பின்னாடி."

மாதக்கணக்கில் அவன் சண்டை போட்டுக்கொண்டிருந்த டிராகனின் வாலைக்கூட அவன் பார்த்ததில்லை. தரையும் தெரியாது. பாதி சண்டையில் மலை விளிம்பிலிருந்து தானே கீழே விழுந்து செத்துப்போவான். செத்தபிறகும் விடாமல் பட்டைகளைப் பார்த்து, "ரெடி... ரெடி... போடு!" என்று மைக்கில் கத்துவான். அந்தக் கத்தலுக்காகத்தான் குழுவில் அவனுக்கு இடம். அவன் 'போடு' என்றால் இருபது பேரும் போடுவார்கள். கீழ் வீட்டு அம்மாள்கூட அந்தக் குரலுக்குத்தான் அப்பளத்தை எண்ணெயில் போடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஈக்காட்டுத்தாங்கலில் சொந்த வீடு இருக்க, அவன் வாடகைக்கு வந்ததே இதற்காகத்தான். "அங்க அம்மா கீது மச்சி" என்றான். டிராகன் பாதி செத்திருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிரைண்டர் பிளக்கைச் சொருகியவராம் அந்த அம்மா. அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

குழுவின் தலைவி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சர். ஞாயிறு காலை சர்ச்சில் பூசை, மதியம் பிரியாணி, சாயங்காலம் டிராகன். லேப் நடத்துவது போலத்தான் சண்டையையும் நடத்துவார். "யாரும் பேசக்கூடாது. டைமர் மட்டும் பேசட்டும்" என்பது அவர் முதல் கட்டளை. முன்னால் நின்று அடி வாங்குபவர் மயிலாப்பூர் மாமா, ஆடிட்டர். "அம்பி, ஒரு நிமிஷம் இருடா, ஆத்துல காபி கலந்துட்டா" என்று டிராகனையும் சேர்த்துக் காக்கவைப்பார். இவர்களை நான் நேரில் கண்டதில்லை. ஸ்பீக்கர் வழியாக என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்தவர்கள் என்ற முறையில்தான் பழக்கம்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வரும் வாரம் விளையாட்டு புதுப்பிக்கப்படுகிறது, இனிமேல் ஆட்-ஆன்கள் சண்டை நேரத்தில் எதையும் காட்டமுடியாது, எல்லோரும் கண்ணால் பார்த்தே விளையாட வேண்டும். எனக்கு ஆனந்தம். கேசரி கிண்டலாமா என்றுகூட யோசித்தேன். அவன் மட்டும் முன்னால் இருந்த டீ ஆறி ஆடை படியும்வரை தொடவில்லை.

"இன்னாடா ஆச்சு? ஒரு விளையாட்டுதானே?"

"எனக்கு அடிக்கத் தெரியாது மச்சி. கத்தத்தான் தெரியும். பட்டை இல்லன்னா இன்னா பாத்து கத்துவேன்? சும்மா என்னை எவன் வெச்சுப்பான்?"

அவன் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு ஆள் வரிசையில் நின்றார். அடையாறிலிருந்து ஒரு பெண் டாக்டர். விரலில் மின்னல் வேகம் என்று பேச்சு. எந்த டாக்டர் என்று கேட்டேன். கண் டாக்டராம். சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒரு சின்னக் கம்பெனியில் பில் அடிக்கிற வேலை அவனுக்கு. அங்கே ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. வீட்டிலோ கிரைண்டருக்கு அடுத்த இடம்தான். இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயைப் பார்க்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அது போய்விட்டால் அவனுக்கு ஞாயிறும் ஒன்றுதான் திங்களும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு வந்தது. தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேர்காணல் போகிறவன் போல உட்கார்ந்தான். யாரோ வரமுடியாமல் போனதில் கண் டாக்டரும் அன்று சேர்ந்திருந்தார். திரை ஒளிர்ந்தது. ஒரு பட்டை இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மச்சி... இங்க வாயேன்."

போனேன். டிராகன் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மயில் நீலம், நெற்றியில் ஏதோ கல் பதித்த மாதிரி ஒரு மினுக்கு.

"றெக்கை கீதுடா இதுக்கு! அங்க பாரு, பின்னாடி அருவி வேற கொட்டிக்கினு கீது! இம்மாம் நாளா அருவி பக்கத்துலயா நின்னேன்?"

சண்டை தொடங்கியது. டிராகன் கழுத்தை நிமிர்த்தியது. தொண்டை உப்பியது. உள்ளே நெருப்பு சுழல்வது எனக்கே தெரிந்தது. இவன் வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தான். நெருப்பு வந்தது. இருபது பேரும் சாம்பல்.

ஸ்பீக்கரில் கண் டாக்டரின் குரல் வந்தது. "மாமா, நீங்க முன்னாடிதானே நிக்கறீங்க? நெருப்பு வர்றது தெரியலையா?"

"நன்னா தெரிஞ்சுது. பாத்துண்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் கவசம் போடல?"

"அவன் போடுன்னு சொல்லலையேம்மா!"

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நெருப்பைப் பார்த்திருக்கிறார்கள், விரலைப் பொத்தான் மேல் வைத்திருக்கிறார்கள், வெந்து செத்திருக்கிறார்கள். இவன் ஒருவனுக்குத்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தேன். ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான்!

அடுத்த ஆட்டத்தில் பயத்தில் முந்திக் கத்தினான். டிராகன் கொட்டாவி விட்டதற்கு எல்லோரும் கவசம் போட்டார்கள். நெருப்பு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் அருவியைப் பார்க்கப் போய் அருவியிலேயே விழுந்தான். எழுந்து, கம்மிய குரலில் சொன்னான்:

"டீச்சர், நான் வெளிய போய்க்கிறேன். டாக்டரம்மா பாத்து சொல்லட்டும்."

டீச்சர் டாக்டரையே சொல்லிப் பார்க்கச் சொன்னார். டாக்டர் கனகச்சிதமாகச் சரியான நொடியில், "எல்லாரும் போடலாம், ப்ளீஸ்" என்றார். பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேர் வெந்தார்கள். மாமா மீதியில்.

"காதுல விழறதும்மா. கை போகமாட்டேங்கறது" என்றார் மாமா. "ப்ளீஸ்னு கேட்டா யோசிக்கத் தோணறது. அவன் கத்தினா யோசிக்கத் தோணாது."

டைமர் மைக்கை ஓரமாகத் தள்ளிவைத்தான். வெளியேறும் பொத்தானுக்கு மவுஸை நகர்த்தினான். வீட்டில் அமைதி வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான்தான், ஆனால் இப்படி அல்ல.

"டைமர், எங்க போற?" ஸ்பீக்கரில் டீச்சர். "ஒக்காருப்பா. டாக்டர், நீங்க டிராகனைப் பாருங்க. நெருப்பு வரும்போது டைமர் கிட்ட மட்டும் மெதுவா சொல்லுங்க. டைமர், அவங்க சொன்னதும் நீ கத்து. மத்தவங்க வழக்கம்போல."

நான் பல அரசு அலுவலகங்களைப் பார்த்தவன். இவ்வளவு அநாவசியமான ஏற்பாட்டை எங்கும் கண்டதில்லை. டாக்டர் பார்ப்பார், பார்த்ததை இவனிடம் சொல்வார், இவன் எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோரிடமும் கத்துவான். கண் டாக்டரையே ஆட்-ஆனாகக் கட்டிக்கொண்ட முதல் ஆள் இவனாகத்தான் இருக்க வேண்டும்.

டிராகன் கழுத்தை நிமிர்த்தியது. "வருது" என்றார் டாக்டர்.

"போடு!"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இருபது கவசங்களும் ஒரே நேரத்தில் எழுந்தன. அதன்பிறகு அவன் ஒரு தடவைகூட அருவிப் பக்கம் திரும்பவில்லை. டிராகன் மண்ணைக் கவ்வியபோது ஸ்பீக்கரில் மாமா விசில் அடித்தார், ஆடிட்டர் விசில் அடித்து அன்றுதான் கேட்டேன்.

"சரி, அடுத்த ஞாயிறும் இதே மாதிரிதான்" என்றார் டீச்சர், வகுப்பு முடிந்த குரலில். "டைமர், தொண்டைக்கு உப்புத் தண்ணி கொப்பளி."

எல்லோரும் போனபிறகும் அவன் நாற்காலியிலேயே இருந்தான். இஸ்திரி சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல், "என்னை வெச்சிக்கினாங்க மச்சி" என்றான். குரல் உடைந்திருந்தது.

நான் டம்ளரில் வெந்நீரும் உப்பும் கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். இனிமேலாவது கொஞ்சம் மெதுவாகக் கத்து என்று கடிந்துகொண்டேன். அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு. டீச்சர் மட்டும் அன்றைக்கு அவனைப் போகச் சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்து சாந்தோமுக்குப் போய், முகம்கூடத் தெரியாத அந்த அம்மாளோடு நடுத்தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன்.