மொய்யில் கை வைத்தவள்

பொறாமைக்குப் படிப்பு வாசனை கிடையாது என்பார்கள் சிலர். என்னுடையது கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பொறாமை. அதனால் சேதமும் கொஞ்சம் கூடுதல்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்குச் சொந்தபந்தம் கொடுத்த மரியாதை, மொய் எழுதும் நாற்காலி. கல்யாணமோ காதுகுத்தோ, மண்டபத்தில் மேசை போட்டு, பேனாவும் மைக்கும் கொடுத்து என்னை உட்கார வைப்பார்கள். "அனந்தபுரம் ஏழுமலை, ஐநூறு ரூபாய்!" என்று நான் மைக்கில் சொன்னால், நைனா பந்தியில் இருந்து நிமிர்ந்து பார்ப்பார். (அந்தப் பார்வைக்காக இன்னொரு டிகிரிகூட வாங்கலாம்.)

என் தோழி கல்பனாவுக்கு இப்படி ஒரு நாற்காலி தேவையே இல்லை. செஞ்சி பஜாரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. சொந்த ஸ்கூட்டி. அதில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கலையாத முடி. "கல்பனா மாதிரி சிரிச்ச மொகமா இரேன்டி ரேவதி" என்று என் அம்மாவே சொல்வாள். அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் தினேஷ் ஒரு விளையாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாளும் பகடையும்தான். அவர் கதை சொல்வார். நாங்கள் கதைக்குள் ஆட்களாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் கவிழும். எதிர்கால நகரம், ஓயாத மழை, கலர் லைட்டு, இரும்புக் கை வைத்த மனிதர்கள். கல்பனா பைக் ஓட்டுபவள். நான், இரும்புக் கைக்குள் கம்ப்யூட்டரை வைத்திருக்கும் மேதை. (வேறு யார்?)

ஆரம்பித்த சூட்டிலேயே ஒரு பெரிய கம்பெனியின் டிஜிட்டல் பணத்தைக் கோடிக்கணக்கில் திருடினேன். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா, "எம்பொண்ணு திருடிட்டா!" என்று பூரித்துப்போனாள்.

திருடுவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். அந்தப் பணத்தில் கம்பெனியின் ரகசிய அடையாளம் இருந்தது. மொத்தமாக ஓரிடத்தில் இருந்தால் காவல் ட்ரோன்கள் மோப்பம் பிடித்து வந்துவிடும். சின்னச் சின்னத் தொகையாகப் பல கை மாறினால்தான் அடையாளம் அழியும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சர்வர், என்க்ரிப்ஷன் என்று ஆரம்பித்தேன். தினேஷ் கொட்டாவியை மறைத்தார்.

கல்பனா ஒரு மல்லாட்டையை வாயில் போட்டாள். "இன்னாத்துக்குடி இவ்ளோ டென்ஷன்? ஒரு காதுகுத்து வெச்சிடலாம்."

"இன்னாது?"

"ஆயிரம் பேர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சிக் குடு. அவங்க வந்து நமக்கு மொய் வெக்கட்டும். மொய்ப் பணத்த எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேப்பான்?"

தினேஷ் கைதட்டினார். அம்மா உரிப்பதையே நிறுத்திவிட்டாள். "பாத்தியா, இன்னா அறிவு! சரி, தாய்மாமன் யாரு?" வாசலில் இருந்து நைனா, "பந்தியில வடை உண்டா?" என்றார்.

அடுத்த சில நிமிடங்களில் எதிர்கால நகரத்தில் மண்டபம் பிடித்து, வாழைமரம் கட்டி, ஒரு ரோபோக் குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியாக அம்மா சொன்னாள்: "மொய் எழுத கல்பனாவே உக்காரட்டும்."

என் நாற்காலி! இல்லாத மண்டபத்தில் இல்லாத நாற்காலிதான். ஆனாலும் என்னுடையது.

வயிறு எரிய, தினேஷின் போனுக்கு ரகசியமாக மெசேஜ் அனுப்பினேன்: 'பணத்தை யாருக்கும் பிரிக்கவில்லை. எல்லாம் என் இரும்புக் கைக்குள் இருக்கிறது. அவளுக்குத் தெரிய வேண்டாம்.' அவள் திட்டம் கவிழ வேண்டும், நான் எழுந்து எல்லோரையும் காப்பாற்ற வேண்டும். இதுதான் என் மேதைமை. தினேஷ் படித்துவிட்டு, 'நெஜமாவா?' என்று கண்ணாலேயே கேட்டார். தலையாட்டினேன்.

கல்பனா கரண்டியை மைக்காகப் பிடித்தாள். "அவலூர்பேட்டை முருகேசன்..."

"சைபர்," என்றார் தினேஷ்.

"பனமலை செல்வி..."

"சைபர்."

"டேய் அண்ணா, ஒழுங்கா ஆடு!"

"வந்தவங்க கையில ஒண்ணுமே இல்ல. பணம் மொத்தமும் ஒரே எடத்துல இருக்குது. இதோ, ட்ரோன் கூரையப் பிச்சிக்கினு வருது."

நான் எழுந்து நின்றே விட்டேன். "யாரும் பயப்படாதீங்க! என்க்ரிப்ஷன் போடறேன்!" என்று பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. மணமக்களுக்கு அட்சதை தூவுவது மாதிரி ட்ரோன்கள் குண்டு தூவின. பாயசம் வருவதற்குள் மண்டபத்தோடு எல்லோரும் காலி.

பணம் என் இரும்புக் கைக்குள் இருந்ததைத் தினேஷ் போட்டு உடைத்தார். அம்மா என்னையே பார்த்தாள். "நீதான் எடுத்தியா?"

"கம்பெனிப் பணத்தத் திருடினப்ப சிரிச்சியேம்மா!"

"அது கம்பெனிப் பணம். இது மொய்யிடி! மொய்ல கை வெச்சிட்டியேடி பாவி!"

"அம்மா, இது வெளையாட்டு."

"வெளையாட்டுலயே இப்டி கை நீளுதே!"

நைனா உள்ளே எட்டிப்பார்த்தார். "வடையாச்சும் சாப்ட்டாங்களா?"

அம்மா இந்தக் கதையைச் சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். அடுத்து வந்த சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் பேனாவோடு போனால், நாற்காலியில் கல்பனா. "கோச்சிக்காதடி, எனக்கு மனசு கேக்கல," என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் வரிசையில் நின்று ஐநூறு ரூபாயை நீட்டினேன். கல்பனா வாங்கி வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"செஞ்சி ரேவதி... சைபர்!"

மண்டபமே சிரித்தது. பந்தியில் இருந்து நைனா நிமிர்ந்து பார்த்தார், கையில் வடையோடு.

அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் எவ்வளவு வைத்தாலும் மைக்கில் எனக்கு சைபர்தான். அதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். மைக்கில் அவள் குரல் என் குரலைவிட நன்றாக இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.