உன் பக்கம் தள்ளு

இனிமேல் ஆபீஸ் வேலையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை நம்ம ஆள் சபதம் எடுத்தார். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே எடுத்த சபதம். பாதியில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசினார். சபதமும் பாதியில் நின்றது, நாடாவும் பாதியில் நின்றது.

நம்ம ஆளுக்கு வேலையே ஆள் எடுப்பதுதான். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் வண்டி வண்டியாக வாங்கி வெளுத்துத் தருகிற பெரிய சலவைக் கம்பெனி. மெஷினுக்கு ஆள், வண்டிக்கு ஆள், இஸ்திரிக்கு ஆள் என்று ஓயாமல் எடுத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் சாப்பிட்ட தட்டை மட்டும் எடுக்க மாட்டார்.

அந்த வாரம் கம்பெனி அவர் ஃபோனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தது. விண்ணப்பங்கள் சீட்டு சீட்டாக வரும். விரலால் வலது பக்கம் தள்ளினால் அந்த ஆளுக்கு நேர்காணல் அழைப்பு தானே போய்விடும். இடது பக்கம் தள்ளினால் ஆள் காலி. பெயர் தெரியாது, படம் தெரியாது. முகம் பார்த்து ஓரவஞ்சனை செய்யக் கூடாதாம். எண், படிப்பு, அனுபவம், அவ்வளவுதான். ஒரு நாளைக்குள் தள்ளாவிட்டால் சிவப்புப் புள்ளி விழும். அது நேரே பெரிய மேடம் கண்ணில் போய் நிற்கும்.

சிவப்புப் புள்ளிக்குப் பயந்த நம்ம ஆளுக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டு, மனைவியைக் கடைத்தெருவில் இறக்கி, ஆபீஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம். தன் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. மனைவியின் கை சும்மாதானே இருக்கிறது?

"இந்தா, நீ படிச்சுச் சொல்லு. நான் சொல்ற பக்கம் தள்ளு."

"எந்தப் பக்கம் எதுக்கு?"

"வேணும்னா என் பக்கம். வேண்டாம்னா உன் பக்கம்."

இடது வலது என்று அவர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவள் "இடது இடது" என்று வாயால் சொல்லி, கையால் வலதைக் காட்டி, இருவரும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் இறங்கிக் காபி வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து காருக்குள் இடது வலது கிடையாது. ஓட்டுகிற இருக்கை வலதில், ஆகவே அது 'என் பக்கம்'. அவள் உட்காருவது இடதில், அது 'உன் பக்கம்'.

வேலை ஜோராக நடந்தது. மூன்று மாதத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. பெரிய மேடம் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார். நம்ம ஆள் தலை குனிந்து, அடக்கமாக, முழுப் பாராட்டையும் தானே வாங்கிக்கொண்டார்.

அவளும் இடையில் கேட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, பாப்பா மூணாங்கிளாஸ் வந்துட்டா. நான் திரும்ப வேலைக்குப் போகணும். உங்க கம்பெனியிலயே ஷிப்ட் மேற்பார்வைக்கு ஆள் கேட்டிருக்கீங்களே?"

"பார்க்கலாம்."

"போன மாசமும் பார்க்கலாம்னுதான் சொன்னீங்க."

"போன மாசமும் பார்த்தேம்மா."

"என்ன தெரிஞ்சுது?"

"இப்ப பச்சை விளக்கு தெரியுது. பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

ஆள் எடுக்கிறவன் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று பொருள். பத்து வருஷம் கூடவே குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டாரே, மடையன், அங்கேதான் அவர் பயந்திருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்கு வயிற்றைப் பிரட்டியது. காற்று வரட்டும் என்று அவளை முன்னால் உட்கார வைத்தார்கள். மனைவி பின்னால் போய், நம்ம ஆளுக்கு நேர் முதுகுப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. நாற்பத்தொன்பதாம் நம்பர், மேற்பார்வை வேலைக்கு. ஆஸ்பத்திரியில ஆறு வருஷம் நர்ஸுகளுக்கு டியூட்டி அட்டவணை போட்டவங்க. அறுபது பேரு, மூணு ஷிப்ட்."

"பலே! அப்புறம்?"

"அப்புறம் எட்டு வருஷம் இடைவெளி."

"எட்டா? எட்டு வருஷமா அந்தம்மா என்ன கிழிச்சுதாம்?"

"வீட்டைப் பார்த்துக்கிட்டாங்களாம்."

"அதாவது சும்மா இருந்திருக்கு. தின்னுட்டுத் தூங்கிப் பழகின உடம்பு ஷிப்டுக்கு வளையாது. உன் பக்கம் தள்ளு."

நம்ம ஆள் அடுத்த கியரைப் போட்டார்.

"தள்ளிட்டியா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் பக்கம்தான்!"

"சரி. என் பக்கமே தள்ளிட்டேன்."

வெள்ளிக்கிழமை நேர்காணல். நீள மேஜைக்குப் பின்னால் பெரிய மேடம், பக்கத்தில் நம்ம ஆள். நாற்பத்தொன்பது என்று கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. காலையில் தலைவலி என்று கடைத்தெருவுக்குக்கூட வராமல் படுத்திருந்த மனைவி, இஸ்திரி போட்ட புடவையில், கையில் கோப்போடு உள்ளே வந்தாள்.

"வணக்கம் மேடம். வணக்கம் சார்."

சாராம்! நம்ம ஆள் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். இதை இடதில் தள்ளச் சொன்னோமே என்று மனசு தேடியது. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். 'உன் பக்கம்' என்றால் வலது. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை கேட்டுவிட்டு.

"மேடம், இவங்க வந்து..."

"தெரியும். நீங்க மார்க் போட வேண்டாம், சும்மா உட்காருங்க" என்றார் பெரிய மேடம். எப்படித் தெரியும்? கேட்பதற்குள் மேடம் கோப்பைத் திறந்துவிட்டார்.

"இந்த எட்டு வருஷ இடைவெளியில என்ன செஞ்சீங்க?"

"ஒரு வீட்டுல முழு நேர வேலை மேடம். ஷிப்ட் மாத்த ஆள் கிடையாது. குழந்தை குறை மாசத்துல பிறந்துச்சு. ஒரு வயசு வரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுக்கணும். எல்லாத்துக்கும் அட்டவணை போட்டேன். ஒரு வேளைகூடத் தப்பலை."

"உதவிக்கு?"

"ஒருத்தர் இருந்தார். தூங்குவார்."

பெரிய மேடம் சிரித்தார். நம்ம ஆளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ எழுத்து வேலை பார்த்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அறுபது பேரை மேய்த்தவள் என்று தெரியாது. கேட்டதே இல்லை. ஊரில் உள்ளவனையெல்லாம் உட்கார வைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்கிறவர், வீட்டில் ஒருத்தியிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. குழந்தைக்காக வேலையை விடச் சொன்னதும் அவர்தான். "ஒரே ஒரு வருஷம்" என்று சொல்லித்தான் விடச் சொன்னார். தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே, அப்போதே.

மாலை காரில் அவள் பழையபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சிக்னலில் நம்ம ஆள் ஆரம்பித்தார்.

"தப்பும்மா. நான் பேசினது ரொம்பத் தப்பு. உன்னை வச்சுக்கிட்டே..."

"என்னைன்னு தெரியாமத்தானே சொன்னீங்க."

"தெரியாம இருந்ததுதாம்மா தப்பு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கு ரொம்ப வலிச்சுதுங்க" என்றாள் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நம்ம ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செய்த பாவத்துக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று கம்பெனியில் விதி உண்டு. யாராவது ஒருத்தர் மாற வேண்டும். பழைய கிடங்கில் அழுக்குத் துணி எண்ணுகிற இடம் ஒன்றுதான் காலி.

"நீ கவலைப்படாதே. உனக்காக நானே கிடங்குக்கு மாறிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஐயோ வேண்டாங்க, நீங்க ஏன் போகணும் என்று அவள் கையைப் பிடித்துத் தடுப்பாள், அப்போது யோசிக்கலாம் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"தெரியுமே! நாற்பத்தொன்பது என் மனைவிதான், கிடைச்சா நான் மாறிக்கிறேன்னு நேத்தே உங்க ஃபோன்லேர்ந்து மேடத்துக்கு எழுதிட்டீங்களே" என்றாள் அவள். "ரொம்பப் பெருந்தன்மையா எழுதியிருந்தீங்கன்னு மேடம் பாராட்டினாங்க."