பிறவி ஆசிரியரும் ஈரக் கோட்டும்

உலகத்தில் இதுவரை ஒரு நல்ல ஆசிரியர்கூடப் பயிற்சியால் உருவானதில்லை. அத்தனை பேரும் ஆசிரியராகவே பிறந்தவர்கள். நடுவில் கொஞ்ச காலம் குழந்தையாக இருந்துவிட்டு வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

செய்முறைத் தேர்வு நாளன்று பயிற்சிப் பள்ளியின் வராந்தாவில் நின்றுகொண்டு இந்த உண்மையை வெளியிட்டவனுக்கு, கூடப் படிப்பவர்கள் வைத்திருந்த பெயர் பிறவி. பிறவி ஆசிரியர் என்பதன் சுருக்கம். அவன் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தான். போன வருடம் இதே தேர்வில் ஃபெயில் ஆனதுகூட அவன் நம்பிக்கையை அசைக்கவில்லை. தன்னை ஃபெயில் ஆக்கியவர் பயிற்சியால் உருவானவர் என்று சொல்லிவிட்டான்.

"சார்ட் எங்க தம்பி?" என்று கேட்டார் சார்ட் அக்கா. பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டு ஆசிரியர் படிப்புக்கு வந்தவர். கையில் சுருட்டிய சார்ட் இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது.

"கொண்டு வரல."

"போன வருஷம் அதுலதானே மார்க் போச்சு?"

"அக்கா, சார்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆணி போதும். அதுக்கு எதுக்கு டிகிரி படிச்ச ஆளு?"

சார்ட் அக்கா தன் சார்ட்டை லேசாகப் பிரித்து, ஒட்டிய சூரியன் ஒட்டியபடியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

இந்த முறையும் தேர்வு போனால் பிறவிக்கு ஓர் உத்தியோகம் தயாராக இருந்தது. தாய்மாமாவின் மெத்தைக் கடை. கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி, மெத்தையில் படுத்துக் காட்டும் வேலை. "இதுக்கும் பயிற்சி தேவையில்ல மருமகனே" என்று மாமா அன்பாகச் சொல்லியிருந்தார். மகனை அந்த மெத்தையிலிருந்து காப்பாற்ற அம்மாவால் முடிந்தது ஒன்றுதான். தன் அண்ணனின் கல்யாணக் கோட்டை இரவல் வாங்கி, காலையில் மகனுக்கு மாட்டி அனுப்பியிருந்தாள். மாமா கனத்த மனிதர். கோட்டும் அவர் மாதிரியே இருந்தது.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு. பாடத்தின் தலைப்பை ஆசிரியர் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். அதன் பிறகுதான் போர்டில் எழுதலாம். தானே சொல்லிவிட்டால் மார்க் போச்சு. 'எனக்குத் தெரிஞ்சதைத் தெரியாதவங்க கிட்ட கேட்டு வாங்கணுமா' என்று வருடம் முழுக்கச் சிரித்தவன் பிறவி. ஆனாலும் பிறவி ஆசிரியன் கேட்டால் பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் எடுக்க வேண்டிய பாடம் ஆவியாதல். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எல்லார் வாயிலும் எக்ஸ்டர்னல், முன்வரிசையை ஒட்டி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிறவி விரலை நனைத்துப் போர்டில் ஒரு கோடு இழுத்தான். ஃபேன் காற்றில் அது மெல்ல மறைந்தது.

"தண்ணி எங்க போச்சு?"

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் போர்டுக்கு மேலே, சுவரைப் பார்த்தார்கள். ஆழமாக யோசிக்கிறார்கள் என்று பிறவி மகிழ்ந்தான்.

"போர்டு குடிச்சிடுச்சு சார்" என்றான் ஒருவன்.

கோடு சின்னது, அதுதான் கோளாறு என்று பட்டது. மேஜைமேல் தாராளமாகவே ஊற்றினான். தண்ணீர் ஆவியாகும் உத்தேசம் எதுவும் இல்லாமல் நேராக எக்ஸ்டர்னலின் ஃபைலை நோக்கிப் புறப்பட்டது.

"இப்ப தண்ணி எங்க போகுது?"

"ஐயா மடிக்குப் போகுது சார்."

உண்மை. எக்ஸ்டர்னல் எழுந்து நின்று ஃபைலை உதறினார். பிறவி ஓடிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்ததில் மிச்சமிருந்த தண்ணீரும் அவர் பேனாவோடு கீழே இறங்கியது. மன்னிப்புக் கேட்டபடி குனிந்து பேனாவை எடுத்தான். அக்குளில் இடுக்கியிருந்த பாட்டில் அந்த நேரம் பார்த்து மூடியைத் துப்பியது. நிமிர்ந்தபோது மாமாவின் கோட் அரைப் பாட்டில் தண்ணீரைக் குடித்திருந்தது.

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிள்ளைகள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள்.

குரலைக் கூட்டிக் கேட்டான், குறைத்துக் கேட்டான். ஈரத் துணி வெயிலில் என்ன ஆகும் என்றான். சுருங்கும் என்றார்கள். தண்ணீர் கொதித்தால் என்ன ஆகும் என்றான். சுடும் என்றார்கள். முதல் எழுத்தைச் சொல்லிப் பார்த்தான். ஆடு, ஆமை, ஆசிரியர் என்று வரிசையாக வந்தது. இத்தனை சமத்தான பிள்ளைகள் இத்தனை தெரியாமல் இருப்பதை அவன் எங்கும் கண்டதில்லை. எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறவியின் கண்ணுக்கு, தெருவைப் பார்த்துப் போட்ட ஒரு மெத்தை தெரிந்தது.

கோட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. தோற்பதாக இருந்தாலும் ஈரமில்லாமல் தோற்கலாம் என்று அதைக் கழற்றினான். வைக்க இடமில்லை. போர்டுக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. அதில் மாட்டினான்.

"ஆவியாதல் சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

பிறவி திரும்பிப் பார்த்தான். ஈரக் கோட். ஃபேன் காற்று. கீழே வட்டமாகத் தண்ணீர். எல்லாம் விளங்கிவிட்டது. அவன் உள்ளே இருந்த பிறவி ஆசிரியர், அவனுக்கே தெரியாமல் கோட்டை மாட்டியிருக்கிறார்.

பாக்கிப் பாடம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எக்ஸ்டர்னலுக்கு மடி ஈரம் மறந்தே போய்விட்டது. எல்லாரும் சார்ட் மாதிரி துணைக்கருவியைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், உடம்பிலேயே போட்டுக்கொண்டு வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பாஸ் என்பதையும் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

கோட்டை இழுத்தபோது, சுவரிலிருந்து ஆணியும் கூடவே வந்தது. பிறவி அதை ஒரு வெற்றிச் சின்னம்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்து சார்ட் அக்காவின் முறை. பாடம் நிழல். பாடம் முடித்தவர் அடுத்தவர் பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பதும் விதிதான். பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் பிறவி தாராள மனதோடு உட்கார்ந்தான். பயிற்சியால் உருவாகிறவர்களையும் ஆதரிக்க வேண்டும் அல்லவா.

சார்ட் அக்கா சுவரில் ஆணியைத் தேடினார். ஓட்டைதான் இருந்தது. சார்ட்டைக் கையால் அழுத்தினார். விட்டதும் அது சுருண்டு அவர் தலையில் விழுந்தது. சார்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, டார்ச்சை அடித்து, சுவரில் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"சுண்ணாம்பு டீச்சர்."

"உங்க கொண்டை டீச்சர்."

"பேய் டீச்சர்."

சார்ட் அக்காவின் கண் கலங்க ஆரம்பித்தது. எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறவிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துச் சிறுமியிடம் குனிந்தான்.

"ஏம்மா, அது நிழல்னு உனக்குமா தெரியாது?"

"தெரியுமே சார். எங்க டீச்சர் எல்லாப் பாடத்தையும் முன்னாடியே நடத்திட்டாங்களே."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

சிறுமி பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆணியில எதையாவது மாட்டினதுக்கு அப்புறம்தான் சொல்லணும் சார், இல்லன்னா பாவம், உங்களுக்கு மார்க் போயிடுமாம், நீங்கதான் கோட்டை மாட்ட அவ்வளவு நேரம் பண்ணிட்டீங்க."

பிறவி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் எழுந்து முன்னால் போனான். மேஜைமேல் கிடந்த சார்ட்டை எடுத்துப் பிரித்தான். போர்டுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"நிழல் டீச்சர்" என்றது வகுப்பு.

அவன் கையை இறக்கவில்லை. பாடம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.