மாப்பிள்ளை, மிஷின் எதுவும் அனுப்ப வேண்டாம்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு மாமனார் தேவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீங்களும் என் மகள் ஆர்த்தியும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உங்கள் அத்தை அம்சா நேற்றிலிருந்து நலம். அதற்கு முந்தைய நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று, நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு திருத்தம் சொல்கிறாள். அந்தப் பக்கம் ஆர்த்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். உங்கள் தாயார் பொன்னி அம்மாள் காணை கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, தலை முதல் கால் வரை உமிச்சாம்பலோடு, ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போன செய்தி உங்களுக்கு வந்திருக்கும். "உன் மாமனாரு என் மூஞ்சியில சாம்பல ஊதி அனுப்பிட்டாரு" என்று அவர்கள் சொல்லியிருந்தால், அதில் பொய் எதுவும் இல்லை. ஊதியது நான்தான். ஆனால் அது எப்படி நேர்ந்தது என்பதை நீங்கள் கேட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரிசி ஆலை இருப்பது உங்களுக்குத் தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கறுப்புச் சாம்பல் வந்து இறங்கும். காலையில் பெருக்கினால் மத்தியானம் காலடித் தடம் தெரியும். உங்கள் அத்தை பெருக்கிப் பெருக்கியே இழுப்பு வந்து படுத்தாள். டாக்டர் புனிதா பார்த்துவிட்டு, "தொடப்பத்தத் தொடாதீங்கம்மா, தூசு பக்கமே போவாதீங்க" என்று சொன்னார். அதைக் கேள்விப்பட்டு நீங்கள் பதறிப்போய், வீடியோக்களெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்தத் தானாக ஓடித் தரையைப் பெருக்கும் ரோபோவை அனுப்பினீர்கள். உங்கள் நல்ல மனசை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ரோபோவையும் குறை சொல்ல மாட்டேன். அது தட்டையான தரை உள்ள வீட்டுக்காகப் பிறந்தது. எங்கள் வீட்டில் கொத்தனார் ஒவ்வொரு அறைக்கும் உயரமாக நிலைப்படி வைத்துவிட்டார். அது ஹாலைச் சுற்றிவிட்டு நிலைப்படியில் போய் முட்டும், கொஞ்சம் பின்வாங்கும், மறுபடி முட்டும், பிறகு நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்லும். "இன்னாங்க சொல்லுது?" என்று உங்கள் அத்தை கேட்டாள். மாட்டிக்கொண்டதாம், உதவி கேட்கிறது என்றேன். நான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "பாவம், வாயத் தொறந்து கேக்குது பாருங்க" என்று ஓடிப்போய் அதைத் தூக்கி அடுத்த அறையில் விட்டாள். அது அங்கே முட்டியது. அங்கிருந்து தூக்கினாள். நாள் முழுக்க இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் அதை வைத்துக்கொண்டு நடந்தாள். இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால் கையில் துடைப்பம். "ஏன்டி?" என்றால், "நீங்க உரிச்சித் தின்னுட்டுப் போட்ட மல்லாட்டைத் தோலு, தலமுடி எல்லாம் அதும் வாயில மாட்டிக்கினா கஷ்டம் இல்லியா? முன்னாடியே ஒருவாட்டி பெருக்கி வுட்டுட்டா அது சுளுவா ஓடும்" என்கிறாள். மிஷின் பெருக்குவதற்காக வீட்டைப் பெருக்கிவைத்திருக்கிறாள், மாப்பிள்ளை. அன்று சாயந்திரமே இழுப்பு வந்தது. ரோபோவைத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன். இப்போதும் சில சமயம் அங்கிருந்து ஏதோ பேசுகிறது.

சரி, நம் வீட்டுக்கு ஏற்ற தூசு உறிஞ்சும் மிஷின் எது என்று நேரில் பார்த்தே வாங்கிவிடலாம் என விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் கண்டக்டராகப் பணியில் இருந்த காலமெல்லாம் கையில் டிக்கெட்டோடு நின்று "எங்க போவணும்?" என்று கேட்டுப் பழகியவன் நான். அந்தக் கடையில் தமிழ்மணி என்ற விற்பனையாளர் "எந்த டைப் சார் வேணும்?" என்று கேட்டபோது, ஊர் பெயர் தெரியாமல் ஏறிவிட்ட பயணியைப் போல் முழித்தேன். கையில் பிடிப்பது, தடி மாதிரி நிற்பது, பை வைத்தது, பை இல்லாதது, கயிறு கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போவது, பேட்டரியில் ஓடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "சார், உங்க ஊட்டுக்கு டிரம் மாதிரி கீற இதுதான் கரெக்ட்டு. தூசும் இழுக்கும், தண்ணியும் இழுக்கும். குழாயக் கழட்டிப் பின்பக்க ஓட்டையில மாட்டினா ஊதவும் செய்யும்" என்றார். ஊதுவது எதற்கு என்று கேட்டேன். "இருந்துட்டுப் போவட்டும் சார், அது ப்ரீதான்" என்றார். ப்ரீ என்ற வார்த்தைக்கு நான் மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் தமிழ்மணியே வீட்டுக்கு வந்து இயக்கிக் காட்டினார். நல்ல பையன், தெரியாமல் செய்துவிட்டார். குழாயின் நடுவில் ஒரு கறுப்புத் துணியை வைத்து, நாங்கள் படுக்கும் மெத்தையின்மேல் ஓட்டினார். துணியை எடுத்து விரித்தார். மாவு சலித்ததுபோல் வெள்ளையாக ஒரு படலம். "இத்தினி நாளா இதும் மேலதான்மா படுத்துக்கினு இருந்தீங்க" என்றார். உங்கள் அத்தை அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது. "நான் இன்னா அழுக்குலயா குடும்பம் பண்ணிக்கினு இருந்தேன்?" என்றாள். என்ன சொல்லியும் அவள் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓய்வு முடிந்தது. மிஷினை ஓட்டுவது நான். பின்னால் நின்று விரலை நீட்டுவது அவள். அந்தச் சத்தத்தில் அவள் சொல்வது எனக்குக் கேட்காது, எனக்குக் கேட்காதது அவளுக்குக் கோபம். கட்டிலடி, பீரோவடி, சாமி படத்துக்குப் பின்புறம், ஃபேன் இறக்கை என்று ஒன்றையும் விடவில்லை. ரிட்டயர்டு ஆனபிறகு மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. இதில் வார விடுமுறை கிடையாது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் தாயார் வருகிறார்கள் என்று முந்தின நாளே வீட்டைத் தலைகீழாக்கிச் சுத்தம் செய்தோம். டிரம் நிறையச் சாம்பல். அதைக் கொட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, மொட்டை மாடியில் கிடந்த சருகுகளை விரட்டலாமே என்று குழாயைப் பின்பக்க ஓட்டையில் மாட்டினேன். கரண்ட் போய்விட்டது. அப்படியே கீழே கொண்டுவந்து வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும், மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் ஃபில்டரை மட்டும் கழற்றிக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன். ஆக, டிரம்மில் சாம்பல் இருக்கிறது, ஃபில்டர் கொடியில் இருக்கிறது, குழாய் ஊதும் பக்கத்தில் இருக்கிறது. இந்த மூன்றையும் செய்தவன் நான் ஒருவன்தான். மூன்றையும் சேர்த்து யோசிக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் தாயார் வெளிர் மஞ்சள் பட்டுப்புடவையில் வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். உங்கள் அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் நின்ற மிஷினை அவர்கள் பார்த்துவிட்டார்கள். "இன்னா சம்மந்தி, இதுதான் அந்த மிஷினா? போடுங்க, எப்படி இழுக்குதுன்னு பாக்கலாம்" என்று குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். சுவிட்சைப் போட்டேன்.

அதை நான் எப்படி எழுதுவேன்? ஹால் இருட்டிவிட்டது. அந்த இருட்டுக்குள் "அய்யய்யோ" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. சுவிட்சைத் தேடிய அவசரத்தில் குழாய் என் கையைவிட்டுத் திமிறி, சமையலறையிலிருந்து ஓடிவந்த உங்கள் அத்தை பக்கம் திரும்பியது. ஒருவழியாக அணைத்தேன். சாம்பல் அடங்கியபோது உங்கள் தாயாரின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. திட்டு வாங்கத் தயாராகத் தலை குனிந்தேன். திட்டு வரவில்லை. உங்கள் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். "இன்னா நின்னுக்கினு கீறீங்க? மிஷின உட்டுட்டு ஆட்டோவக் கூப்புடுங்க, ஜல்தி!" என்று உங்கள் தாயார்தான் கத்தினார்கள்.

ஆட்டோவில் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "தோ வந்துட்டம் சம்மந்தி, மெதுவா இழுங்க, மெதுவா" என்று முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒண்டியிருந்த எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் மூச்சில் வந்த விசில் சத்தத்தைக் கேட்டபடி, இனி இந்த வீட்டில் தூசு பற்றிப் பேச யாரும் மிஞ்சாமல் போய்விடுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஓடிவந்து, கோலத்தைப் பார்த்து, உங்கள் தாயாரை உட்காரவைத்து முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட்டார். "எனுக்கில்லம்மா, அவங்களுக்கு!" என்று அவர்களே கழற்றிக் கொடுத்தார்கள்.

மூச்சு சீரானதும் டாக்டர் புனிதா என்னைப் பார்த்தார். "பை வச்ச மிஷினா, டப்பாவா? டப்பாவக் கொட்டும்போது தூசு மறுபடியும் மேலதான் வரும். பையோட அப்பிடியே மூடித் தூக்கிப் போடற மாதிரி, நல்ல ஃபில்டர் வச்சதா வாங்கணும். இல்லன்னா ஈரத்துணியால தொடச்சாலே போதும்" என்றார். எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. அதன்பிறகுதான் உங்கள் தாயார் கை கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, "சம்மந்தி, இனிமே உங்க வாசப்படிய மிதிச்சன்னா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டு போய்விட்டார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னோடு வேலை பார்த்தவர். "அண்ணே, உங்க சம்மந்தி பக்கத்து சீட்டுல விழுப்புரம் வரைக்கும் யாரும் உக்காரல" என்று போன் செய்து சொன்னார்.

உங்கள் அத்தை என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "மூச்சு முட்டறப்பகூட அந்தம்மா என் கைய உடல. அவங்களுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பல நானு" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் போன் செய்தால் உங்கள் தாயார் எடுக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, தடி மாதிரி நிற்கும் பேட்டரி மிஷின் ஒன்று ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அதை ரத்து செய்துவிடுங்கள். எந்த வகை மிஷினும் இனி இந்த வீட்டுக்குள் வராது. ஈரத்துணியும் வாளியுமாக நானே துடைத்துக்கொள்கிறேன். நேற்று துடைத்தேன். முட்டி சத்தம் போடுகிறது, ஆனால் எதையும் ஊதவில்லை. இரண்டாவதாக, உங்கள் தாயாரிடம் பக்குவமாக எடுத்துச்சொல்லி, ஒருமுறையாவது இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் செய்யவேண்டும். உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்களும் ஆர்த்தியும் நிறைந்த ஆயுளோடும் நல்ல காற்றோடும் வாழவேண்டும் என்று நாங்கள் கும்பிடும் சாமியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
தேவநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடியில் ஒரு பெட்டியோடு உங்கள் தாயார் இறங்கினார்கள். பை வைத்த மிஷினாம். விழுப்புரம் கடையில் தமிழ்மணியை உட்காரவிடாமல் ஒவ்வொன்றையும் போட்டுக்காட்டச் சொல்லி, "ஊதற ஓட்ட இருக்குதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல" என்று கேட்டே வாங்கினார்களாம். சாப்பிட்டாகிவிட்டது. உங்கள் அத்தை பரிமாறிய குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள். எனவே மேலே நான் எழுதியதில் மிஷின் வேண்டாம் என்றதையும், தாயாரைச் சமாதானப்படுத்தச் சொன்னதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். இப்போது ஹாலில் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒருதரம் பிடித்துப் பார்க்கலாம் என்று போனேன். "சம்மந்தி கையில மட்டும் குடுத்துடாதீங்க" என்று உங்கள் தாயார் சொல்ல, உங்கள் அத்தை ஈரத்துணியை என் கையில் கொடுத்துவிட்டாள். மொட்டை மாடி முழுக்கச் சாம்பலாம். போகிறேன்.