வீட்டுக்காரர் காலடியில் என் தையல் பெடல்

மரியே வாழ்க

11-வது பிளாக், நெய்வேலி
6.8.2003

அன்பும் மரியாதையும் நிறைந்த ஃபெலிக்ஸ் அண்ணனுக்கு, தங்கை ரெஜினா எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். குறிஞ்சிப்பாடியில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க மாதா துணை.

அண்ணா, எனக்கு வயிறு எரிகிறது. அதுவும் ஒரு பெடலைப் பார்த்து. பைக்கிலிருந்து விழுந்து இவருக்கு இரண்டு கையும் வராமல் போன இந்த ஒன்பது வருஷமும், இவர் சொல்லச் சொல்ல நான்தானே எல்லாக் கடிதமும் எழுதினேன்? இப்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஃபிட்டர் கண்ணையன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, இவர் நெற்றியில் பட்டை கட்டி, அதில் ஒரு கோலையும் செருகிவிட்டார். தலையை ஆட்டினால் எழுத்து விழுகிறது. சில எழுத்துக்கு இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டுமாம், கோல் ஒன்றுதானே இருக்கிறது, அதனால் இன்னொன்றைக் காலால் அழுத்த என் தையல் மெஷினின் கரண்ட் பெடலைக் கழற்றி ஒயர் கொடுத்தாயிற்று. பாதி தைத்த மூன்று ஜாக்கெட் அப்படியே கிடக்கிறது. "நான் அழுத்தறேங்க, பெடல் எதுக்கு?" என்றேன். "நீ எத்தினி நாளைக்கு என்னாண்டயே குந்திகினு இருப்ப? போய் உன் வேலையப் பாரு" என்கிறார். நான் உள்ளே நுழைந்தால் கால் பெருவிரலால் திரையை அணைக்கிறார். பெடலுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதாம். ஒன்பது வருஷம் சோறு ஊட்டியது பெடலா, நானா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவர் சொன்னதை நான் அப்படியே எழுதியதில்லை. "ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்காத உங்கண்ணன் கல்நெஞ்சக்காரன்னு எழுது" என்பார். நான், "மச்சான், முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று எழுதுவேன். இனிமேல் இவர் திட்டு, திட்டாகவே உங்களிடம் வந்து சேரும். நம் உறவு என்ன ஆவது? அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, அண்ணிக்குத் தைக்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பெடலைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு ஸ்தோத்திரம்.

தங்கை,
ரெஜினா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், இவர் அடித்து, கண்ணையன் அச்செடுத்து வைத்த தாளைப் படித்துவிட்டேன். உங்களுக்குத்தான். "மச்சான், இத்தனை வருஷமும் உங்கள் முழங்காலை விசாரித்தது ரெஜினா, நான் இல்லை. 'இப்போது தேவலை' என்று முதல் பதில் வந்தபோதே கண்டுபிடித்துவிட்டேன், சொல்லவில்லை. இன்று நானே கேட்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது? அவள் பெடலை நான் பிடுங்கிக்கொண்டேன். கடலூரில் புதிது கிடைக்குமா?" பெடலைத் தூக்கிப் போக வரவேண்டாம் அண்ணா, புதுப் பெடலோடு வாருங்கள். என்ன இருந்தாலும், நான் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக விசாரித்திருப்பேன்.