தேன் தாரான கதை

என் கொழுந்தன் பாஸ்கர் ஒரு கோழை. எனக்கும் மாமியாருக்கும் நடுவில் தாரை ஊற்றியவன் அவன்தான். பழியைச் சுமப்பது நான்.

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். விருதுநகர் மண்டபத்தில் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிடலாம் என்றார்கள். எழுதும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். காரணம் மாமியார். என் சாம்பாரை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர். அந்த வாயிலிருந்து ஒரு பாராட்டை எழுத்தாலாவது கறந்துவிட வேண்டும். (பேராசைதான்.) அவர் பெயர் தேன்மொழி. அவர் வரும் அத்தியாயத்தில் விரல் வலிக்கப் புகழ்ந்திருந்தேன்.

கதையை யார் சொல்வது? மாமனாரே சொல்வதுபோல் 'நான்' என்று எழுதினேன். அவர் பிறந்த காட்சியைக்கூட அவரே பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். (அதை இலக்கியம் என்று நினைத்தேன்.)

படித்துவிட்டு மாமனார் நெளிந்தார். "ஏம்மா, 'நான் எளிமையானவன்'னு நானே சொன்னா ஊர்ல சிரிப்பாகளே. 'அவர்'னு மாத்திருவோமா?"

மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். சிவகாசியில் எங்கள் அச்சகத்தைப் பார்த்துக்கொள்பவன் பாஸ்கர். தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குப் போயி ஏன் மதினி முழிக்கீக? 'நான்' வர்ற எடமெல்லாம் 'அவர்'. வந்தேன், போனேனோட வாலை வெட்டிட்டு வந்தார், போனார்னு ஒட்டிருவோம். கம்ப்யூட்டர் ரெண்டு தட்டுல முடிச்சிரும்."

"நீ மேதைடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். ஒருதரம் படித்துப் பார்த்திருக்கலாம். (எங்கே!)

மண்டபத்தில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் மைக் முன் நின்று, அச்சில் இருப்பதை ஓர் எழுத்து பிசகாமல் கணீரென்று வாசித்தார்.

"அவர் எளிமையானவன். அவர்கு வயதில் ஊர்க் கண்மாயில் குதித்தார்."

'நான்கு'க்குள் ஒரு 'நான்' ஒளிந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தது என்ன என்பதும் உறைத்தது. தேனுக்கும் வந்தேனுக்கும் ஒரே வால்! ஓடிப் போய் மைக்கைப் பிடுங்குவதற்குள் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"பெண் பார்க்கப் போனார். தார்மொழி வாய் திறந்தாள். தார் ஒழுகியது."

மண்டபம் அதிர்ந்தது. மாலையும் பட்டுமாக மேடையில் இருந்த மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா மருமவளே, எம் வாயில தாரா ஒழுகுது? ரோடு போடவா என்னையக் கட்டிட்டு வந்தாக?"

மாமனார் மாலை குலுங்கச் சிரித்தார். "விடு தேனு. புக்குல இது ஒண்ணுதான் உள்ளது உள்ளபடி இருக்கு."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் "அவர்கு இட்லி வைங்க" என்றுதான் கேட்கிறார்கள். தெருவில் தார் காய்ச்சினால் "அத்தை பேசுறாக" என்கிறார்கள். மாமியார் மட்டும் என் சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, "தார் பரவாயில்ல" என்கிறார்.

பாஸ்கரைக் கேட்டால், "யாரோ மாத்திட்டாக மதினி" என்று படர்க்கையில் நழுவுகிறான். வருகிற பொங்கலுக்குக் குடும்பமே கூடும். மைக் என் செலவு. ஏலே பாஸ்கர், உன் அம்மா முன்னால், அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல். தேனைத் தாராக்கியது யார்? 'அவர்' செல்லாது. 'நான்' என்று சொல்.